பந்தியில் உட்காராத விருந்தாளி

விருந்தாளி என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதில் நம் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வர வேண்டும். உட்கார வேண்டும். "போதும், போதும்" என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்ட வேண்டும். கைக்கும் இலைக்கும் நடுவே கிடைத்த சந்தில் இன்னொரு கரண்டி சோறு விழ வேண்டும். சிக்கடீ என்ற அமெரிக்கக் குருவி இதில் எதற்கும் ஒத்துவராது. வரும், ஒரே ஒரு விதையைக் கவ்வும், பறந்துவிடும். நிற்கும் நேரத்தில் ஒருவர் "வாங்க" என்றுகூடச் சொல்லி முடிக்க முடியாது. பறவைக்குத் தீனி வைக்கும் ஃபீடர் நிறைய சூரியகாந்தி விதையைக் கொட்டிவிட்டு, சமையலறை ஜன்னலுக்கு உள்ளே ஆவலோடு நிற்கும் தமிழனுக்கு இது கொஞ்சம் அவமானமான விஷயம்.

பாஸ்டனுக்கு மேற்கே, ஓக் மரங்களுக்கு நடுவே மென்பொருள் கம்பெனிகளும், அவற்றை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களும் இருக்கிற ஓர் ஊரில் எங்கள் வீடு. கொல்லையில் கொஞ்சம் புல், ஒரு செடார் புதர், ஒரு பெரிய ஓக். அதில்தான் சிக்கடீகள் குடியிருக்கின்றன. தலையில் கறுப்புத் தொப்பி, மோவாயில் கறுப்புத் தாடி, நடுவில் பளிச்சென்று வெள்ளைக் கன்னம், சாம்பல் முதுகு, விலாவில் லேசாகச் சந்தனம் தீற்றியது போல ஒரு நிறம். ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் பட்டாணிக்குருவியைப் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். இரண்டும் ஒரே குடும்பம். பெயர் அது போடும் சத்தத்தில் இருந்தே வந்தது. பிறகு அந்தச் சத்தத்துக்கு வருகிறேன்.

மாசசூசெட்ஸ் 1941இல் இதைத் தன் மாநிலப் பறவையாக ஏற்றுக்கொண்டது. வடக்கே இருக்கும் மெய்ன் மாநிலம் அதற்கு முன்பே, 1927இல், முந்திக்கொண்டது. ஆனால் சட்டத்தில் 'சிக்கடீ' என்று மட்டும் எழுதிவிட்டார்கள். மெய்னில் கருந்தொப்பிச் சிக்கடீயும் உண்டு, பழுப்புத் தொப்பி போட்ட போரியல் சிக்கடீயும் உண்டு. பதவியில் இருப்பது இவரா அவரா என்று தெளிவுபடுத்த 2019இல் ஒரு மசோதா வந்து, அதுவும் நிறைவேறாமல் போயிற்று. ஆக, இரண்டு பறவையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்து சிக்கடீ நிலையாக உட்கார்ந்த ஒரே இடம் அதுதான்.

எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் கான்கார்ட். கவிஞர் எமர்சன் வாழ்ந்த ஊர். பனிக்காட்டில் விறைத்துப்போய் நின்றபோது இந்தக் குருவி வந்து தெம்பு சொன்னதாக 1862இல் ஒரு கவிதை எழுதினார். பிற்பகுதியில், அடுத்த தடவை வரும்போது உனக்கு விதையும் ரொட்டித் துணுக்கும் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். கொண்டுபோனாரா இல்லையா என்று கவிதையில் இல்லை. வாக்கைக் கொடுத்துவிட்டுக் கவிதையை முடித்துக்கொண்டவர் கெட்டிக்காரர். காப்பாற்றுகிறவன் பாடு வேறு.

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடித்துவைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓய்வு பெற்றவர், கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. "சிக்கடீயை அழைக்க நீ ஒன்றுமே செய்ய வேண்டாம். கறுப்புச் சூரியகாந்தி விதையைப் போடு. பத்தடி தள்ளி ஒரு புதர் இருக்கட்டும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்" என்றார். அது உண்மைதான். புதிதாக ஒரு ஃபீடர் தொங்கினால் ஊரில் முதலில் வந்து எட்டிப்பார்ப்பது சிக்கடீதான். அப்படி ஒரு துருதுரு. சிக்கடீயை வரவழைப்பது சிரமமே இல்லை. அதற்கு வைத்ததை அது சாப்பிடும்படி பார்த்துக்கொள்வதுதான் சிரமம் என்பதை மட்டும் பெரியவர் சொல்லவில்லை.

முதலில் விதை. கடையில் மலிவாக ஒரு கலவை மூட்டை இருக்கும். மேலே சிவப்புக் கார்டினல், சிக்கடீ, நீல ஜே எல்லாம் குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல் அச்சடித்திருப்பார்கள். உள்ளே முக்கால்வாசி தினையும் சிவப்புச் சோளமும் உடைத்த மக்காச்சோளமும். மேலே படத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் உள்ளே இருப்பதைத் தொடமாட்டார்கள். சிக்கடீ அந்தக் கலவையில் மூக்கை விட்டு, தினையை இடமும் வலமும் தள்ளி எறிந்துவிட்டு, அடியில் கிடக்கும் ஒற்றைச் சூரியகாந்தி விதையைத் தேடும். எறிந்தது தரையில் கிடக்கும். தரையில் கிடப்பதைத் தின்ன எலி வரும். கறுப்புச் சூரியகாந்தி விதைக்கு ஓடு மெல்லியது, உள்ளே எண்ணெய் அதிகம். பட்டை போட்ட பெரிய விதையை உடைக்கக் குட்டி அலகு ரொம்பப் பாடுபட வேண்டும். ஆகவே கறுப்புதான். அதையும் 40 பவுண்டு மூட்டையாக வாங்கினால்தான் கட்டுப்படி ஆகும்.

அந்த மூட்டையை நான் தோளில் சுமந்து வீட்டுக்குள் நுழைந்த அன்றுதான் திருநெல்வேலியில் இருந்து மாமியார் வந்திறங்கி, ஜெட்லாக் தீராமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"என்னது மாப்ளே, அரிசியா?"

"இல்ல அத்தை. குருவிக்கு."

"எத்தன கிராம் இருக்கும் அந்தக் குருவி?"

"ஒரு பதினோரு கிராம்."

அத்தை மனதுக்குள் கணக்குப் போட்டார். எடை என்று வந்தால் அவருக்கு ஒரே ஓர் அளவுதான். "ஒன்றரைப் பவுன்கூடத் தேறாதா! இதுக்கா இம்புட்டு மூட்டை?"

ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் எழுந்து வந்தபோது, ஜன்னலுக்கு நேரே நாற்காலியைப் போட்டு, கையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பே எல்லாவற்றையும் கவனித்துவிட்டார். குருவி விதையோடு ஓக் மரத்துக்குப் போகிறது. கிளையில் அமர்ந்து, விதையை இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கி, தலையை முழுசாகப் பின்னால் இழுத்து டக் டக்கென்று கொத்துகிறது. ஓடு பிளந்ததும் பருப்பைத் தின்றுவிட்டு மறுபடி ஃபீடருக்கு வருகிறது. "ஒவ்வொண்ணுக்கும் ஒரு நடை. அதுக்குப் பொழுது போகணும்லா" என்றார். கூட்டத்தில் யார் பெரியவர், யார் சிறியவர் என்பதைக்கூட அவர்தான் முதலில் சொன்னார். குளிர்காலக் கூட்டத்தில் சிக்கடீகளுக்கு நிரந்தரமான வரிசை உண்டு. மேலே இருப்பது வந்தால் கீழே இருப்பது இடம் விட்டு ஒதுங்கும். அத்தை அதை ஒரு காப்பி நேரத்தில் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் பெயரை வைத்துவிட்டார். மற்றவர்களை விரட்டும் தடியனுக்கு யார் பெயர் வைத்தார் என்று நான் எழுதினால் அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாது.

எடுத்துப்போகும் விதை எல்லாமே வயிற்றுக்குப் போவதில்லை. இலையுதிர் காலத்தில் பதுக்கலும் உண்டு. பட்டை இடுக்கில் ஒன்று, பாசிக்குக் கீழே ஒன்று, எங்கள் கூரைப் பலகைக்கு அடியில் ஒன்று. ஒரே இடத்தில் இரண்டு வைக்காது. இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள். வைத்த இடத்தை 28 நாள் கழித்தும் நினைவு வைத்துத் திரும்பி வருவதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பதுக்கும் பறவைகளுக்கு மூளையில் இடம் நினைவு வைக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸ் மற்றப் பறவைகளைவிடப் பெரிது. இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடும்போதெல்லாம் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள்.

இனி அழையாதவர்கள்.

முதலில் வந்தது சிட்டுக்குருவி. அத்தை துள்ளிக் குதித்தார். "ஏட்டி, இங்க வந்து பாரு, நம்ம ஊருக் குருவில்லா!" அவருடைய சின்ன வயதில் திண்ணைக்கு மேலே நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவார்களாம், குருவிக்காக. இப்போது அந்த வீட்டில் திண்ணையும் இல்லை, குருவியும் இல்லை. ஊரில் நாம் மார்ச் 20இல் அதற்கென்று தினம் கொண்டாடுகிறோம், அட்டைப் பெட்டியில் கூடு செய்து மாட்டி வா வா என்கிறோம். காணாமல்போன பிள்ளை கடல் கடந்து வந்து எங்கள் கொல்லையில் கொழுத்துப்போய்த் திரிகிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கோ சிட்டுக்குருவி என்றால் வாய் கசக்கும். 1850களின் தொடக்கத்தில் மரத்துப் புழுக்களைத் தின்னும் என்று நம்பி ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து புரூக்ளினில் விட்டார்கள். அது கொஞ்ச நாளில் புழுவை மறந்துவிட்டுத் தெருக்குதிரைகளுக்குப் போட்ட தானியத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கண்டத்தின் பெரும்பகுதி அதன் கையில். உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடுங்கிக்கொள்ளும், முட்டையைக் குத்தும், சில சமயம் உள்ளே இருப்பதையே கொன்றுவிடும். இந்த நாட்டில் உள்ளூர்ப் பறவைகளையும் அவற்றின் கூட்டையும் தொடக்கூடாது என்று 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சிட்டுக்குருவிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, வெளிநாட்டுப் பறவை என்பதால்.

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அத்தை கேட்டார்: "ஏன் மாப்ளே, அதுக்கு இன்னும் கிரீன் கார்டு வரலையா?"

நூற்று எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் வரவில்லை என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் விண்ணப்பம் எந்த வரிசையில் நிற்கிறது என்பதைப் பற்றி அன்று இரவு யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு சிட்டுக்குருவியை விரட்ட எனக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் சிக்கடீக்கு இடம் வேண்டுமே. தினையும் உடைத்த சோளமும் போடாமல் இருந்தால் சிட்டுக்குருவி பெரும்பாலும் வேறு வீடு பார்த்துக்கொள்ளும். நான் போடவில்லை. ஆனால் தினமும் மத்தியானம் நான் அலுவலகக் கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். சாயங்காலம் பார்த்தால் படிக்கட்டில் குருணை. கேட்டால், "அரிசி களையையில சிந்தியிருக்கும்" என்பார். கொல்லைப் படியில் யார் அரிசி களைவார்கள் என்று மாமியாரிடம் கேட்கும் மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

வசந்தத்துக்கு ஒரு கூட்டுப்பெட்டியும் வாங்கி வைத்தோம். அதில் எல்லாமே ஓட்டையின் அளவில் இருக்கிறது. ஒன்றே அரைக்கால் அங்குலம் இருந்தால் சிக்கடீ நுழையும், சிட்டுக்குருவிக்குத் தோள் இடிக்கும். ஒன்றே கால் ஆனால் சிட்டுக்குருவிக்கும் வாசல் திறந்தாயிற்று. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர். குடியேற்றக் கொள்கையை இவ்வளவு சுருக்கமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உள்ளே கொஞ்சம் மரத்தூளை அடைத்து வைத்தால் சிக்கடீக்கு இன்னும் பிடிக்கும். தானே கொத்திக் குடைந்த பொந்து என்ற திருப்தி அதற்கு வேண்டும். அள்ளி அள்ளி வெளியே கொண்டுபோய்ப் போடும்.

அடுத்து அணில். அணில் என்றதும் உங்கள் மனதில் வருவது ராமர் முதுகில் கோடு போட்ட அந்தச் சின்ன ஜீவன் என்றால், தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். இங்கே இருப்பது கிழக்கத்திச் சாம்பல் அணில். அரைக்கிலோ எடை. முதுகில் கோடு இல்லை. "ராமர் கையே படாத சாதி. அதான் இந்தப் புத்தி" என்றார் அத்தை.

ஃபீடர் மாட்ட இந்த ஊரில் ஒரு கணக்கு உண்டு: தரையிலிருந்து 5 அடி உயரம், பக்கத்து மரத்திலிருந்து 7 அடி தூரம், மேலே இருக்கும் எதிலிருந்தும் 9 அடி கீழே. அதற்குள் என்றால் அணில் குதித்துவிடும். எங்கள் கொல்லையில் இந்த மூன்றும் சேர்ந்து பொருந்தும் புள்ளி, அளந்து பார்த்ததில், பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொல்லைக்குள் விழுந்தது. கம்பத்தில் தகரக் கூம்பு மாட்டினேன். அணில் கீழே உட்கார்ந்து அதை ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு ஓக் கிளை ஒன்றின் நுனிவரை போய், கிளை வளைந்து தாழ்ந்த கணத்தில் கையை விட்டு, நேரே ஃபீடர் மேல் வந்து விழுந்தது. பின்காலால் மூடியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி இரண்டு கையாலும் விதை தின்ன ஆரம்பித்தது. சிக்கடீயிடம் நான் எதிர்பார்த்தது எல்லாம் இதனிடம் இருந்தது: வந்தது, தங்கியது, வயிறு முட்டச் சாப்பிட்டது, இரண்டாம் முறை கேட்டது. எனக்குத்தான் சந்தோஷமில்லை.

அப்போதுதான் நான் மிளகாய் விஷயத்தைச் சொன்னேன். மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருள். நமக்கும் அணிலுக்கும் அதை உணரும் ஏற்பி ஒன்று நரம்பில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பறவைக்கும் அந்த ஏற்பி உண்டு. ஆனால் காரத்துக்கு அது அசையாது. மிளகாய்ச்செடியின் சூழ்ச்சி அது. பாலூட்டி தின்றால் விதையை மென்று பொடியாக்கிவிடும், பறவை தின்றால் முழுசாக வெளியே போட்டு ஊரெல்லாம் விதைக்கும். அதனால் ஒருத்தருக்கு மட்டும் உறைக்கும்படி செடி பார்த்துக்கொண்டது. கடையில் காரம் ஏற்றிய விதை தனியாக விற்கிறார்கள், விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அத்தைக்கு நோபல் பரிசு வரை பொறுமை இல்லை. "காரத்தக் கடையில வாங்குதாங்களாக்கும்" என்று சொல்லி, சூட்கேஸின் அடியில் மூன்று பிளாஸ்டிக் உறைக்குள் கட்டிவைத்திருந்த பொடியை எடுத்தார். சாத்தூர்ப் பக்கத்துச் சம்பா வத்தல், வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்தது. இருப்புச்சட்டியில் விதையைக் கொட்டி, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, பொடியைத் தூவி, இட்லிக்குப் பிசறுகிற பக்குவத்தில் பிசறினார். வீட்டில் எல்லோருக்கும் தும்மல். தீ எச்சரிக்கைக் கருவிகூட ஒரு தடவை கூவி ஓய்ந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பொடியின் பூர்வீகமே இந்த அமெரிக்கக் கண்டம்தான். போர்த்துகீசியக் கப்பலில் ஏறி இந்தியாவுக்கு வந்து, சில நூறு வருஷம் நம் மண்ணில் காய்த்துப் பழுத்து, இப்போது மாமியார் சூட்கேஸில் சொந்தக் கண்டத்துக்குத் திரும்பியிருக்கிறது. சுங்கத்தில் அதை யாரும் விசாரிக்கவில்லை.

சிக்கடீ வந்தது. ஒன்றுமே நடக்காதது போல சிவந்த விதை ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிற்று. அத்தை உதடு பிதுக்கினார். தன் கைக்காரத்துக்கு இப்படி ஒரு மரியாதைக் குறைவை அவர் பார்த்ததில்லை. பிறகு அணில் வந்தது. நாலைந்து விதை வரை நன்றாகத்தான் போயிற்று. திடீரென்று நிறுத்தி, கையை முகர்ந்து, கீழே இறங்கி, முகத்தைப் பனியில் இப்படியும் அப்படியுமாக வைத்துத் தேய்த்தது. அத்தை வெற்றிச் சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வாரத்துக்குத் தாங்கியது. அதற்குப் பிறகு அணில் தின்றுவிட்டுப் போய்ப் பனியைக் கடித்துக்கொண்டு திரும்பி வர ஆரம்பித்தது. காரசாரமாகச் சாப்பிட்டு நடுநடுவே தண்ணீர் குடிக்கும் ஆட்களைப் பார்த்துப் பழகிய அத்தை, "நம்ம ஆளாயிட்டான்" என்று முடிவு கட்டினார்.

சூயட் என்று ஒன்று இருக்கிறது. செங்கல் மாதிரிக் கட்டியாக, கம்பிக்கூட்டில் வைத்துத் தொங்கவிட வேண்டும். கடுங்குளிரில் சிக்கடீக்கும் மரங்கொத்திக்கும் அது உயிர். வீட்டுக்குள் முட்டைகூட ஏறாத குடும்பம் எங்களுடையது. சூயட் என்பது மாட்டுக் கொழுப்பு.

"என்ன மாப்ளே இது, துணி சோப்பா?"

"பட்சிக்குப் பலகாரம் அத்தை."

"எதுல செஞ்சது?"

"...கடலை எல்லாம் போட்டிருக்கு."

கடலை போட்டிருந்தது உண்மை. அட்டையில் படம்கூட இருந்தது. அதைக் கார்க் கொட்டகையில், டயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தேன். பூஜை அறைக்கும் அதற்கும் நடுவே நான்கு சுவர்கள் இருக்கும்படியும் பார்த்துக்கொண்டேன்.

சத்தத்துக்கு வருகிறேன் என்றேனே. "சிக்-அ-டீ-டீ-டீ" என்பது ஆபத்து அறிவிப்பு. கடைசியில் எத்தனை 'டீ' என்பதில்தான் செய்தி. 2005இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள்: எதிரி எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு 'டீ'. பெரிய கொம்பு ஆந்தைக்குக் குறைவாகவும், உள்ளங்கை அளவு குட்டி ஆந்தைக்கு நிறையவும் கூவுகின்றன. பெரிய ஆந்தையால் இந்தச் சின்னப் பறவையைத் துரத்தித் திரும்பிப் பிடிக்க முடியாது. குட்டி ஆந்தையால் முடியும். உருவத்தைப் பார்த்துப் பயப்படாமல் யார் கடிப்பார்கள் என்று பார்த்துப் பயப்படுவது அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் புரியும். எனக்கு 'டீ' எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு தடவை எண்ணிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று எல்லாம் அடங்கி, கிளையில் இருந்தவை இருந்த இடத்திலேயே கல்லாகிவிட்டன. மேலே கூப்பர் வல்லூறு. அது போகும் வரை அத்தையும் காப்பியை உறிஞ்சவில்லை.

பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்த இன்னொன்று 'பிஷ்' போடுவது. உதட்டைக் குவித்து "ப்ஷ் ப்ஷ் ப்ஷ்" என்று அழைத்தால் சிக்கடீகள் என்ன கலவரம் என்று பார்க்க மரத்திலிருந்து இறங்கி வரும். நிஜமாகவே வருகின்றன. நம் ஊர்த் தெருவில் இந்தச் சத்தத்தை எழுப்பினால் என்ன வரும் என்பது வேறு விஷயம். கொல்லையில் நான் மரத்தைப் பார்த்து ப்ஷ் ப்ஷ் என்று சொல்லிக்கொண்டிருந்ததை மறுபக்கத்து வீட்டுப் பெண்மணி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். அதிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் "குட் மார்னிங்" என்று சொல்லும் தொனியில் ஒரு இரக்கம் கலந்திருக்கிறது.

ஜனவரியில் மைனஸ் பதினைந்து. சிக்கடீக்கு இரவில் போர்வை கிடையாது. அது தன் உடம்பு வெப்பத்தையே குறைத்துக்கொள்கிறது. பகலில் 42 டிகிரி இருப்பதை இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறக்கி, சேர்த்த கொழுப்பு காலை வரை காணும்படி பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இரவு தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி இறக்குவது யார், ஏற்றுவது யார் என்ற சண்டையில் நான் இந்தத் தகவலை ஒரு வாதமாக முன்வைத்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கத்து அறையின் கதகதப்பிலிருந்து, தெர்மோஸ்டாட் மறுபடி 24இல் நிற்பதை நானே தெரிந்துகொண்டேன்.

அந்தக் குளிரில்தான் கையில் தீனி கொடுத்தோம். முறை எளிது. விடியற்காலையில், பசி அதிகமிருக்கும் நேரம், ஃபீடரைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, அது தொங்கிய இடத்தில் உள்ளங்கையில் விதையோடு அசையாமல் நிற்க வேண்டும். அத்தை சேலைக்கு மேல் என் பனிக்கோட்டு, தலையில் மங்கி குல்லா, காலில் பேரனின் பூட்ஸ் சகிதம் கையை நீட்டி நின்றார். முதலில் புதரிலிருந்து ஒன்று வந்து நடுவழியில் திரும்பியது. பிறகு இன்னொன்று, விரல் நுனியில் இறங்கியது. எடை தெரியவில்லை, நகம் மட்டும் சில்லென்று தெரிந்தது என்றார் பிறகு. அது தலையைச் சாய்த்து அத்தையைப் பார்த்தது. ஒரு விதையை எடுத்தது, கீழே போட்டது. இன்னொன்றை எடுத்தது, அதையும் போட்டது. மூன்றாவதை எடுத்துக்கொண்டு பறந்தது.

"ஏன், மொத ரெண்டும் சொத்தையா?" என்றார் அத்தை, முகம் சிறுத்து. உள்ளே வந்ததும் மூட்டையைத் தரையில் கொட்டி, முறத்தில் போட்டுப் புடைத்து, சொத்தை வேறு சோடை வேறாகப் பிரித்துவிட்டுத்தான் குளிக்கப் போனார்.

இத்தனைக்கும் விஸ்கான்சினில் ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஃபீடரில் தின்னும் சிக்கடீகளின் உணவில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் ஃபீடரிலிருந்து வருகிறது; மற்றதெல்லாம் பட்டை இடுக்குப் பூச்சியும் முட்டையும் காட்டு விதையும். ரொம்பக் கொடிய குளிரில் ஃபீடர் இருந்தால் பிழைப்பவை கணிசமாக அதிகம், அது உண்மை. ஆனால் வருஷக்கணக்காக இருந்த ஃபீடரைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோதும் சாதாரணக் குளிர்காலத்தை அவை பாட்டுக்குத் தாண்டிவிட்டன. குஞ்சு பொரித்துவிட்டால் விதையே உதவாது. இதன் உறவுக்காரக் கரோலினா சிக்கடீ ஒரு கூட்டுக் குஞ்சுகளை வளர்க்க 6,000 முதல் 9,000 கம்பளிப்புழு வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதைத் தருவது ஓக் மரம், நான் இல்லை. இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. தன் கைச்சாப்பாடு ஐந்தில் ஒரு பங்குதான் என்று எந்தத் திருநெல்வேலிக்காரியிடமும் சொல்லக்கூடாது.

வசந்தத்தில் கரடிகள் எழுந்துவிடும் என்பதால் ஃபீடரை இறக்கச் சொல்வார்கள். அத்தையின் விசாவும் ஏப்ரலோடு முடிந்தது. இப்போது ஞாயிறு தோறும் வீடியோ அழைப்பு. முன்பெல்லாம் முதல் கேள்வி "மாப்ள சாப்டாரா?" என்பதாக இருக்கும். இப்போது, "குருவி சாப்டுச்சா?" நவம்பரில் ஃபீடரை மறுபடி மாட்டியதும் போனை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினேன். திரையில் சாம்பல் அணில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பொடி போட்டீங்களா?"

"போட்டேன் அத்தை. தீந்தே போச்சு."

"அடுத்த வாரம் தென்காசிக்காரங்க ஒருத்தங்க பாஸ்டன் வாராங்க. ரெண்டு கிலோ குடுத்து விடுதேன். இந்த வாட்டி குண்டு வத்தல்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "படியில கொஞ்சம் குருணையும் போட்டு வைங்க. எம் மவளுக்குத் தெரிய வேண்டாம்."